சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோன நாவல்பழக் கூடை

முரளி,

நேற்று சாயங்காலம் உமா வீட்டுத் தறியில் நாவல்பழச் சாறு பட்டுவிட்டது. உங்கள் கல்யாணத்துக்கென்று உமாவின் அப்பா நெய்துகொண்டிருக்கும் முகூர்த்தப் புடவையில், நல்ல சந்தன நிறத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கறை. பழத்தைக் கொண்டுபோனவள் நான். அந்த விரலும் என்னுடையதுதான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் நடுவில் பேசுவாய், நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுவேன். அதோடு, இன்று பெங்களூர் பஸ்ஸில் உனக்கு ஒரு பெட்டி பழம் போட்டுவிடுவதாக இருந்தேன். பழத்தோடு கடிதமும் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கடையை உன் அப்பா பார்த்துக்கொள்கிறார். காலையில் உமாவின் அம்மா போன் செய்து, "அவரு உங்களை நேர்ல வரச் சொல்றாரு அண்ணி, இன்னாவோ பேசணுமாம்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேல், மூன்று மணிக்குப் போக வேண்டும். என்ன பேசப் போகிறார் என்று தெரியாது. இது ஆடி மாசம். ஆடியில் யாரும் நல்லது பேச ஆளைக் கூப்பிட மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும். அதனால்தான் என் கை ஒரு வேலையில் நிற்கவில்லை. எழுதினாலாவது நிற்கிறதா பார்க்கிறேன்.

நெசவுத் தெருக்களில் நாவல்பழத்துக்கு என்று ஒரு சட்டம் உண்டு. நீ பார்த்திருக்க மாட்டாய். நீ நடக்கும் வயதுக்கு வருமுன்பே நான் தலைக்கூடையை இறக்கிவிட்டுக் கடை போட்டுவிட்டேன். தறியில் வெளிர் நிறப் பாவு, அதாவது நெடுக்கு இழை, ஏறியிருக்கும் வீட்டில் நாவல்பழம் வாசற்படி தாண்டாது. பெண்கள் வெளியே வந்து வாங்கி, தெருக்குழாய் அடியில் நின்றே தின்று, வாய் கொப்பளித்து, கை கழுவி, அதற்கென்று வைத்திருக்கும் பழந்துணியில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். சில வீட்டில் கூடையைப் படியில் இறக்கக்கூட விட மாட்டார்கள். "அரக்குப் பாவு ஏத்துனப்புறம் வாம்மா" என்பார்கள். அரக்கு நிறத்தில் கறை தெரியாது அல்லவா. எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன நிறம் ஓடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் காலத்தில் பழம் விற்றேன். வெளிர் பச்சை ஓடும் தெருவுக்குக் கொய்யா, அரக்கு ஓடும் தெருவுக்கு நாவல். மற்ற கூடைக்காரிகள் மீந்த பழத்தோடு திரும்பும்போது என் கூடை காலியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆகையால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பிறகு ஏன் கொண்டுபோனாய் என்பாய். உமாவுக்காகத்தான். நிச்சயதார்த்தத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, மெதுவாக, "அத்தை, உங்க கடையில நாவல்பழம் வருமா" என்று கேட்டாள். ஏனாத்தூரில் படிக்கும்போது காலேஜ் வாசலில் வண்டிக்காரனிடம் வாங்கித் தின்பாளாம். நாக்கு ஊதா ஆகிவிடும் என்று வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்காமல் பின்கட்டுக்குப் போய்விடுவாளாம். "அப்பா எதுனா கேட்டா தலையை மட்டும் ஆட்டுவேன்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதுதான் பிடித்தது. அதுவரை படித்த பெண், நம் கடைச் சத்தத்துக்குச் சரிவருமா என்று ஒரு இது இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாவு ஏற்றியாகிவிட்டது, கலர் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் கூப்பிட்டபோது, பழக்கடைக்காரி நான் எவனோ போட்ட ஸ்வீட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போவதா என்று எனக்கு ரோஷம். இருக்கிற பழத்திலேயே எது நம்பர் ஒன்னோ அதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று கை தானாகப் போயிற்று. இந்தப் பருவத்தில் நாவலை மிஞ்சிய பழம் எது?

திருமுக்கூடல் பக்கத்திலிருந்து வரும் பழத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். ஆற்றோர மரம், நாட்டு ரகம். ஒட்டு ரகத்தைப் போலப் பருமனாக இருக்காது, ஆனால் கொட்டை சின்னது, சதை இனிக்கும், துவர்ப்பு கடைசியில்தான் வரும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அடியில் வாழை இலை போட்டு, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் கூடை கட்டினேன். "பொண்ணு வீட்டுக்கா போற, போட்டிக்கா போற" என்று உன் அப்பா கேட்டார்.

அங்கே போனதும் நானே கூடையை வாசல் வழியாகக் கொண்டுபோகவில்லை. சந்து வழியாகச் சுற்றிப் போய்க் கொல்லையில் தொட்டி ஓரம் இறக்கினேன். உமாவின் அம்மா ஒரு நிமிஷம் கூடையைப் பார்த்தார், அப்புறம் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள வந்த மொத கூடை அண்ணி இது. அவரு பார்த்தா இன்னா சொல்லுவாரோ" என்றார். மூன்று பேரும் அங்கேயே நின்று தின்றோம். உமா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு சொட்டு மேலே படாமல் தின்கிற அழகைப் பார்க்க வேண்டும், அத்தனை பழக்கம். கை கழுவினோம். நான் நன்றாகத்தான் கழுவினேன். அப்போது உள்ளிருந்து உமாவின் அப்பா கூப்பிட்டார்: "வாம்மா, வந்து கலரைப் பாரு. உன் புள்ளைக்குப் புடிக்குமான்னு சொல்லு."

ஒரு சாண்தான் நெய்திருந்தார். சந்தனம் என்றால் அரைத்த சந்தனம், கரையில் அரக்கு. விளக்கு வெளிச்சம் அதன் மேல் விழுந்து வழிந்தது. "எப்படி இருக்குது?" என்றார். எனக்கு எதையும் கண்ணால் மட்டும் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. மாம்பழமோ சப்போட்டாவோ பப்பாளியோ, கட்டைவிரலை வைத்து லேசாக அமுக்கினால்தான் எனக்கு விஷயம் தெரியும். கடையில் வருகிறவர்களை "அமுக்காதீங்கமா, அமுக்காதீங்கமா" என்று நாள் முழுக்கக் கத்துகிறவள், கை நீட்டி அந்தப் பட்டை அமுக்கிப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் ஈரம் நின்றிருக்கிறது. விரலை எடுத்தேன். கறை அங்கேயே இருந்தது.

யாரும் சத்தம் போடவில்லை. உமாவின் அம்மா சோப்புத் தண்ணீர் எடுக்க ஓடினார். "சோப்பு வேணாம் அண்ணி, போட்டா நீலமா நின்னுடும்" என்று நான் தடுத்தேன். எலுமிச்சம் சாறு என்று உமா ஆரம்பித்தாள். அவர் கையைத் தூக்கி, "யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார். ஊடை இழை ஓட்டுகிற நாடாவை ஓரமாக வைத்தார். தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துத் தறி மேல் போர்த்தினார். "அண்ணா, என் கையை வெட்டிப் போட்டாலும் தகும்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "காபி குடிச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் நான் நேற்று நிம்மதியாக வீடு வந்திருப்பேன். இந்தக் காபிதான் என்னை உறுத்துகிறது.

வீட்டில் சொன்னதும் உன் அப்பா கேட்டது: "கையைப் பையில வச்சுக்கினு நின்னிருக்கலாம்ல?" எனக்குப் பை ஏது என்றேன். சிரிக்கத்தான் பார்த்தோம், வரவில்லை. முகூர்த்தப் புடவை, ஆடி மாசம், மாப்பிள்ளை அம்மா கைக்கறை. இந்த மூன்றையும் சேர்த்துப் பேச ஊரில் ஆள் குறைவா? அவர்களாக எதுவும் நினைக்காவிட்டாலும் நான்கு பேர் வந்து நினைக்க வைப்பார்கள். நம் பக்கம் பழக் கடைக்காரர்கள், அவர்கள் பக்கம் பரம்பரைத் தறிக்காரர்கள். கோயிலுக்குப் பட்டு நெய்து கொடுத்த குடும்பம். சம்பந்தம் பேசும்போதே உமாவின் அப்பா முகத்தில் ஒரு யோசனை இருந்ததை நான் கவனித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்த யோசனைக்கு இப்போது நானே போய்க் காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்றுதான் பயம். உமா பாவம், நேற்று என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "அத்தை, அவருகிட்ட இப்ப சொல்லாதீங்க, ஆபீஸ்ல டென்ஷன் ஆயிடுவாரு" என்றாள். நான் சொல்லிவிட்டேன். பின்னால் வேறு வாய் வழியாக உன் காதுக்கு வந்தால் அது இன்னும் பெரிய கறையாக வரும்.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ஊரில் நீயும் அவளும்தான் பழம் வாங்கித் தின்ன வேண்டும், என் கடை பக்கத்தில் இருக்காது.

பெட்டி கைக்கு வந்ததும் திற. பஸ்ஸில் வந்த பழம் மூச்சு முட்டிப்போய் வரும். ஆபீஸ் முடிந்து வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மூலையில் வைத்தாயானால் சாயங்காலம் சாராய வாசனைதான் வரும். அகலமான தட்டில் பருத்தித் துணி விரித்து எல்லாவற்றையும் கொட்டாமல், கையால் எடுத்துப் பரப்பு. தோல் வெடித்தது, ஒழுகுவது, காம்பு இருந்த குழியில் ஈரம் கசிவது எல்லாவற்றையும் அப்போதே பிரித்துவிடு. அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். அன்றைக்கே தின்ன வேண்டியவை அவைதான். நல்லதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், கெட்டுப்போக நிற்பதை இன்றைக்குத் தின்ன வேண்டும். ஜனங்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். நல்லதாகப் பொறுக்கித் தின்றுகொண்டே வருவார்கள், மறுநாள் பார்த்தால் மிச்சம் எல்லாம் கெடப்போகிற பழம், அதற்கடுத்த நாள் குப்பை.

கழுவாதே. தின்னும்போது மட்டும், எத்தனை தின்னப் போகிறாயோ அத்தனையை, உப்புப் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து எடு. கழுவி ஃபிரிட்ஜில் வைத்த நாவல் நான் பார்த்தவரை இரண்டாவது நாளைத் தாண்டியதில்லை. மீதியைக் காய்கறி வைக்கிற கீழ்த் தட்டில், மூடி இறுக்காத டப்பாவில், அடியில் துணியோ காகிதமோ போட்டு வை. நிறைய அடுக்காதே, மேலே இருக்கும் பழத்தின் கனம் கீழே இருக்கும் பழத்தைக் கொன்றுவிடும். தின்பதற்கு முன் வெளியே எடுத்து வைத்து ஜில் போகவிடு. ஜில்லென்று தின்றால் துவர்ப்பு மட்டும்தான் நாக்குக்குத் தெரியும், இனிப்பு தூங்கிக்கொண்டிருக்கும். ரொம்ப மீந்துவிட்டால் கொட்டையை எடுத்துவிட்டு, சதையில் துளி உப்பு போட்டுப் பிசைந்து, சின்னச் சின்னக் கிண்ணமாக ஃப்ரீஸரில் வைத்துக்கொள். ஐப்பசியில் மழை பெய்யும்போது எடுத்து மோரில் கலக்கிக் குடிக்கலாம். கொட்டையைக் காயவைத்துப் பொடி செய்தால் சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்குவார்கள், நானும் விற்கிறேன். குணம் எப்படி என்று கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அங்கே வாங்குவதாக இருந்தால், பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. நல்ல நாவல் மினுங்காது. மேலே லேசாகத் தூசி படிந்த மாதிரி ஒரு சாம்பல் பூத்திருக்கும். விரல் பட்டால் போய்விடும். அது இருந்தால் அதிகம் கைபடாத பழம். மினுங்கினால் தண்ணீர் தெளித்திருக்கிறான், இல்லையென்றால் எண்ணெய்க் கையால் துடைத்திருக்கிறான். நிறம் கருப்பாக இருக்க வேண்டும். சிவப்பு ஓடினால் வாய் இழுத்துக்கொள்ளும். காம்புப் பக்கம் சுருக்கம் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட, கூடையின் மேலே பார்க்காதே, அடியில் போட்ட இலையைத் தூக்கிப் பார். இலை காய்ந்திருந்தால் வாங்கு. ஊதாவாக நனைந்திருந்தால் அவன் என்ன சொன்னாலும் நகர்ந்து வா. நாங்கள் எல்லோருமே நல்லதை மேலே வைக்கிறவர்கள்தான். நானும்தான்.

போன சித்திரையில் நீ ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மேல் வரிசை சினிமாக்காரி உதடு மாதிரி சிவப்பு. உன் அப்பா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "தக்காளிக்கு மேக்கப் போட்டிருக்கான்" என்றார். நீ முறைத்தாய். அடி வரிசையைத் திருப்பினால் வெள்ளையாகப் பூஞ்சை. விலையைக் கேட்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன், நீ கோபித்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த வார்த்தை வேண்டாததுதான். ஆனால் பாடம் வேண்டியது. பெட்டிப் பழம் வாங்கினால் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார். ஸ்ட்ராபெரிக்குத் தலையில் இருக்கும் பச்சை வாடாமல் இருக்க வேண்டும், மூடியின் சந்தில் மூக்கை வைத்தால் வாசனை வர வேண்டும். வாசனை இல்லாத சிவப்பு வெறும் சிவப்பு. உமாவுக்கு நீ வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாளே, அந்த நீலச் சின்னப் பழம், அதைப் பெட்டியோடு மெதுவாக ஆட்டிப் பார். தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒட்டிக்கொண்டு ஒரு கட்டியாக நகர்ந்தால் உள்ளே ஏதோ ஒன்று உடைந்து மற்றதை நனைத்துக்கொண்டிருக்கிறது. மண்டியிலும் இப்போது அந்தப் பெட்டிகள் வருகின்றன. நான் எடுப்பதில்லை. எனக்குக் கண் பழகாத பழத்தை நான் விற்பதில்லை.

ஒரு வருஷம் ஆடியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். கூரத்துப் பக்கம் இரண்டு மரத்தைப் பூ விட்டபோதே விலை பேசி எடுத்திருந்தேன். பழம் அத்தனையும் ஒரே நாளில் வந்து இறங்கிவிட்டது. நனையக் கூடாது என்று தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடி, நாலு பக்கமும் கல் வைத்தேன். ஒரு சொட்டு மழை உள்ளே போகவில்லை. காலையில் பாயை எடுத்தால் ஆவி வருகிறது, சோறு வடித்த மாதிரி. பழம் தன் மூச்சிலேயே வெந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சும்மா நாலு குச்சி நட்டு மேலே ஓலை போட்டிருந்தார். கொஞ்சம் நனைந்தது, ஆனால் விற்றார். பயத்தில் மூடினால் இப்படித்தான் ஆகும். அன்றிலிருந்து நான் பழத்தை மூடுவதில்லை. ஆனால் மனிதர்கள் விஷயத்தில் இன்னும் அந்தப் புத்தி போகவில்லை என்று நினைக்கிறேன். நீ பெங்களூர் போகிறேன் என்றபோது நான் எத்தனை கல் தூக்கி வைத்தேன் என்று உனக்கே தெரியும். உமாவை அப்படிப் போட்டு மூடாதே. போன் எடுக்கவில்லை, எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிற குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. உன் அப்பாவிடம் அது இல்லை.

மணியாகிவிட்டது. கிளம்புகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போவது என்பதிலேயே குழம்பிப்போய் நிற்கிறேன். வாழைப்பழம் என்றேன். "அதுவும் கறைதான்" என்கிறார் உன் அப்பா. மாதுளை என்றேன். "நீ வேணும்னே பண்றியா" என்கிறார். இரண்டு எலுமிச்சம் பழமும் கொஞ்சம் மல்லிகைப்பூவும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழக் கூடை இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது கை வீசி நடக்கிற மாதிரி என்னவோ போல இருக்கிறது.

இதுவரை போவதற்கு முன் எழுதியது. வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், வேகமாக எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் திட்டாதே.

உமாவின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூவை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். உள்ளே உமாவின் அப்பா தறிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி அப்படியே போர்த்தியபடி இருந்தது. "உக்காரும்மா" என்றார். நான் உட்காரவில்லை. வரும் வழியில் யோசித்து வைத்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன்: "அண்ணா, தப்பு என்னுது. பாவு புதுசா போடுங்க, ஆகறதை நான் பார்த்துக்கறேன். பசங்க கல்யாணத்துல மட்டும்..." அவர் முடிக்க விடவில்லை. எழுந்து வேட்டியை எடுத்தார். "கிட்ட வா. கையைப் பின்னால கட்டிக்க" என்றார். கட்டிக்கொண்டேன்.

"எத்தினி இருக்குது, பாரு."

பார்த்தேன். கறை இரண்டு இருந்தது. ஒன்று நேற்று நான் வைத்தது, காய்ந்து மங்கியிருந்தது. அதற்கு நாலு விரல் தள்ளி இன்னொன்று, என்னுடையதைவிடப் பெரியது, கருப்பாக, ஓரம் கூடக் கலையாமல். நானே இரண்டு இடத்தில் தொட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். உமாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இது உன்னுது" என்று சின்னக் கறையைக் காட்டினார். பெரியதைக் காட்டவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டே, "அது என்னுது" என்றார்.

நேற்று நான் கிளம்பிப் போன பிறகு நடந்தது இது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் கொல்லையில் போய் உட்கார்ந்திருக்கிறார். கூடை அங்கேயே இருந்திருக்கிறது. சின்ன வயசில் தின்றதாம். தறியில் உட்கார ஆரம்பித்த பிறகு அவர் அப்பா விட்டதில்லை, அப்புறம் அவரே யாரையும் விட்டதில்லை. என் மேல் இருந்த கோபத்திலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். அப்புறம் இன்னொன்று. "கை நிறைய துன்னாரு அண்ணி, நான் கதவாண்ட நின்னு பார்த்துக்கினு இருந்தேன்" என்றார் உமாவின் அம்மா. "சும்மா இருடி" என்றார் அவர். தின்றுவிட்டு, கை கழுவ மறந்து, துண்டில் துடைத்துக்கொண்டு, கறை உள் இழைவரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேட்டியைத் தூக்கி, குனிந்து, விரலை வைத்து அமுக்கியிருக்கிறார்.

"இத்தினி வருஷத்துல என் தறியில என் கையால ஒரு பொட்டு அழுக்கு ஏறுனதில்லம்மா" என்றார். "காலையில உன்னைக் கூப்ட்டுச் சொல்லாம விட்டா, ரெண்டும் உன் தலையிலதான் விழும். ஊர்ல அப்படித்தான் பேசுவாங்க. நீயும் உன்னுதுன்னே நினைச்சுக்கினு இருப்ப. அதான் வரச் சொன்னேன்."

இதற்குத்தான் நான் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன். "பழம் எப்படி இருந்துச்சு அண்ணா?" என்று கேட்டேன். வாயில் வந்தது அதுதான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசியிலதான் துவர்க்குது" என்றார். பழம் தெரிந்த மனுஷன். உமாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான் துன்னப்ப எல்லாம் திட்டுனியேப்பா" என்றாள். "நீ கை கழுவிட்டு வந்த. நான் கழுவல" என்றார் அவர். அப்புறம் எல்லோரும் சிரித்தோம், அவரைத் தவிர.

அத்தோடு கவலை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. உமாவின் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "முகூர்த்தப் புடவையாச்சே, ஆடியில அதுல கத்தரி வைக்கிறதா" என்று கேட்டார். "கறையோட நெய்யறதுக்குக் கத்தரி தேவலாம்" என்று அவர் முடித்துவிட்டார். சாறு பாவு இழைவரை இறங்கிவிட்டது. நெய்ததைப் பிரித்தாலும் இழையில் கறை நிற்கும், அதனால் நெய்த துண்டோடு வெட்டி எடுத்துவிட்டு, பாவை மறுபடி இழுத்துக் கட்டித் தொடங்க வேண்டுமாம். ஒரு பாவில் மூன்று புடவை வரும். முதலாவது உமாவுக்கு, மற்ற இரண்டும் பட்டுக் கடைக்கு. இப்போது வெட்டுவதில், கடைசிப் புடவைக்கு ரவிக்கைத் துணி வராது. ரவிக்கை இல்லாத புடவையைக் கடையில் முழு விலைக்கு எடுக்க மாட்டார்கள். அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பாதி விலை குடு, ஒரு கறை என்னுதுதானே" என்றார். "முழுசும் தரேன், மொத கறை என்னுதுதானே" என்றேன். வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து வாங்குகிற பக்கம் நின்று விலையை ஏற்றி நான் பேரம் பேசியது இன்றைக்குத்தான். முகூர்த்தத்துக்குள் நெய்து முடிப்பாரா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்தக் கவலை புடவை கைக்கு வரும்வரை எனக்கு இருக்கும். உனக்கு வேண்டாம்.

பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நாளைக் காலையில் அவர் கறைத் துண்டை வெட்டி எடுக்கிறார். கடைசிப் புடவை எனக்கு. கடை அவருக்குக் கொடுக்கும் விலையில், ரவிக்கைத் துணிக்கு உண்டானதில் பாதியை மட்டும் கழித்துக்கொண்டு நான் கொடுக்க வேண்டும். கல்யாணம் முடியும்வரை அந்த வீட்டுக்கு நாவல்பழம் கிடையாது, உமாவுக்கும் கிடையாது. அடுத்த வருஷத்திலிருந்து, தறியில் அரக்கு ஓடுகிற வாரமாகப் பார்த்து ஒரு கூடை, சந்து வழியாக, என் செலவு. அதில் ஒரு கைப்பிடி அவருக்கு. அவர் கை கழுவுவதை உமாவின் அம்மா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நீ கல்யாணத்துக்கு முன் புடவை பார்க்க வந்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உன்னைக் கேட்காமலே அதற்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.